தாய்க்கு வைத்தியம் கேட்பது பாவமா?

அயர்லாந்தின் மேற்கே, கால்வே ஜில்லாவில், டூவம் என்று ஒரு சிறிய ஊர். அங்கே குடியிருப்பு வீடுகளுக்கு நடுவிலுள்ள ஒரு புல்தரையை வேலியடைத்து, 2025 ஜூலை மாதம் தோண்டத் தொடங்கினார்கள். புதையல் தேடி அல்ல. குழந்தைகளின் எலும்புகளைத் தேடி!

1925 முதல் 1961 வரை அந்த இடத்தில் ஒரு தாய் சேய் இல்லம் இருந்தது. கலியாணமாகாமல் கர்ப்பமுற்ற ஏழைப் பெண்களை அங்கே கொண்டு விடுவார்கள். பிள்ளை பெற்ற பின் ஏறக்குறைய ஓராண்டு காலம் கூலியில்லாமல் வேலை செய்துவிட்டு, பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டுத் தாய் வெளியேற வேண்டும். அந்த இல்லத்தில் இறந்ததாக மரணப் பதிவேட்டில் உள்ள குழந்தைகள் 796. ஓரிருவரைத் தவிர மற்றவர்களை எந்த மயானத்தில் புதைத்தார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. ஊர்ச் சரித்திரம் எழுத உட்கார்ந்த கேத்தரின் கார்லஸ் என்ற உள்ளூர்ப் பெண்மணிதான் பதிவேட்டைப் புரட்டி, ஒவ்வொரு பெயராக எடுத்து, கைக்காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கி, இந்தக் குழந்தைகள் எங்கே என்று கேட்டார். 2014ல் உலகம் அதைக் கேட்டது. 2017ல் சர்க்கார் நியமித்த விசாரணைக் கமிஷன், பழைய சாக்கடைத் தொட்டியை ஒட்டிய நிலத்தடி அறைகளில் பச்சிளங் குழந்தைகளின் எலும்புகள் கிடப்பதை உறுதி செய்தது.

அந்த இல்லம் யாருடையது? ஜில்லா கவுன்சிலுடையது. அதாவது சர்க்காருடையது. நடத்தியவர்கள் யார்? போன் செகூர் சபையைச் சேர்ந்த கன்னியாஸ்திரீகள். செலவு? தலைக்கு இவ்வளவு என்று கவுன்சில் கொடுத்தது. கட்டிடம் சர்க்காருடையது, நிர்வாகம் சபையுடையது, உள்ளே அடைபட்டவர்கள் பண்ணையாட்களின் பெண்கள், வீட்டு வேலைக்காரிகள், கூலிக்காரர் பெற்ற மக்கள். ஏழைகளைப் பராமரிக்க வேண்டிய சர்க்கார் அந்தப் பொறுப்பைக் குறைந்த செலவில் கழித்துக்கட்டியது. அதை வாங்கிக்கொண்ட திருச்சபை, அதோடு கூட ஏழைகளின் மேல் அதிகாரத்தையும் வாங்கிக்கொண்டது. இந்தக் கொடுக்கல் வாங்கலைப் பற்றித்தான் நாம் எழுதுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிற தோழர்கள் நம் வாசகர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒருவருடைய பக்தியில் நாம் கை வைக்க வரவில்லை. கும்பிடுகிறவன் கும்பிடட்டும். நாம் கேட்பது வேறு: ஆலயத்தின் சாவியோடு ஆஸ்பத்திரிச் சாவியையும், பள்ளிக்கூடச் சாவியையும், சட்டசபைச் சாவியையும் ஒரே கையில் கொடுத்தால் உழைக்கிறவன் கதி என்ன?

அயர்லாந்தில் பாதிரியார் எப்போதுமே அதிகாரத்தின் பக்கம் இருந்தவர் அல்ல. இதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையல்ல. இங்கிலாந்தின் ஆட்சியில் கத்தோலிக்கர் நிலம் வாங்கக் கூடாது, பள்ளிக்கூடம் நடத்தக் கூடாது, பார்லிமெண்டில் உட்காரக் கூடாது என்று சட்டம் போட்டு நசுக்கிய காலம் ஒன்று இருந்தது. வேலியோரத்தில் ஒளிந்து பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். பாறை மேல் திருட்டுத்தனமாகப் பூசை நடந்தது. அந்தக் காலத்துப் பாதிரியார் குடியானவனோடு குடியானவனாகத் துன்பப்பட்டவர். டேனியல் ஓ'கானல் 1823ல் கத்தோலிக்கச் சங்கம் தொடங்கியபோது, மாதம் ஒரு பென்னி சந்தா; அதைக் கோவில் வாசலில் வசூலித்துக் கொடுத்தவர்கள் பாதிரியார்கள். அந்தப் பென்னிகளின் பலத்தில்தான் 1829ல் கத்தோலிக்கருக்குப் பார்லிமெண்ட் கதவு திறந்தது. அயர்லாந்து ஏழையின் நெஞ்சில் திருச்சபை இடம் பிடித்தது இப்படித்தான்.

ஆனால் லண்டன் சர்க்கார் சும்மா இருக்கவில்லை. 1795லேயே மேனூத் என்ற இடத்தில் பாதிரிமார்களைப் பயிற்றுவிக்கும் கல்லூரியைச் சட்டம் போட்டுத் தொடங்க உதவியது; 1845ல் மானியத்தை உயர்த்தியது. கத்தோலிக்கரின் மேல் திடீர்ப் பாசமா? பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்த காலம் அது! புரட்சிக் காற்றடிக்கும் பிரான்சில் படித்துவிட்டு வரும் பாதிரியாரைக் காட்டிலும், உள்ளூரில் மானியத்தில் படித்தவர் ஊரை அமைதியாக வைத்திருப்பார் என்பது கணக்கு. கணக்கு பெரும்பாலும் பலித்தது. 1831ல் எல்லா மதத்துப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்க வேண்டுமென்று ஏற்படுத்திய தேசியப் பள்ளிகளும் நாளடைவில் அந்தந்த மதத்தாரின் கைக்குப் போய்ச் சேர்ந்தன.

இனி 1913க்கு வருவோம். ஆலைத் தொழிலாளருக்குக் கதவடைப்பு என்றால் என்னவென்று நாம் விளக்க வேண்டியதில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் டப்ளின் நகரில் டிராம் தொழிலாளர் வண்டிகளை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு இறங்கினார்கள். ஜிம் லார்க்கினுடைய சங்கத்தில் சேர்ந்தார்கள் என்பதே அவர்கள் செய்த குற்றம். டிராம் கம்பெனி முதலாளி வில்லியம் மார்ட்டின் மர்பி, நூற்றுக்கணக்கான முதலாளிகளைச் சேர்த்துக்கொண்டு, சங்கத்தை விட்டு விலகுவதாக எழுதிக் கொடுக்காதவனுக்கு வேலையில்லை என்று வாசலை மூடினார். சுமார் 20,000 தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். மர்பியும் கத்தோலிக்கர், பட்டினி கிடந்தவர்களில் மிகப் பெரும்பாலோரும் கத்தோலிக்கர். ஒரே பீடத்தின் முன் மண்டியிடுகிறவர்கள்!

மாதங்கள் ஓடின. குழந்தைகள் வாடின. இங்கிலாந்துத் தொழிலாளர் குடும்பங்கள் ஒரு யோசனை சொன்னார்கள்: போராட்டம் முடியும் வரை உங்கள் குழந்தைகளை எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள், நாங்கள் சோறு போடுகிறோம். டோரா மான்டிஃபியோரி என்ற அம்மையார் அதற்கு ஏற்பாடு செய்தார். அப்போது டப்ளின் ஆர்ச் பிஷப் வில்லியம் வால்ஷ் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். பிள்ளைகளை அப்படி அனுப்புகிறவர்கள் கத்தோலிக்கத் தாய்மார் என்ற பெயருக்கே அருகதையற்றவர்கள் என்றார். அங்கே நல்ல வீட்டில் இருந்துவிட்டு வந்தால், திரும்பி வரப் போகிற ஏழை வீட்டின் மேல் பிள்ளைகளுக்கு அதிருப்திதான் உண்டாகும் என்றும் எழுதினார்.

இந்த இரண்டாவது வாசகத்தை நாம் மறுபடியும் படித்தோம். தெய்வத்தின் பேரால் பேசுகிறவர் கவலைப்பட்டது எதற்கு? ஏழைப் பிள்ளை நல்ல படுக்கையில் நாலு நாள் படுத்துவிட்டால், பொந்து போன்ற குடியிருப்பு அதற்குப் பிடிக்காமல் போய்விடுமே என்று! டப்ளின் குடியிருப்புகள் எப்படிப்பட்டவை? கதவடைப்பு தொடங்கிய சில நாட்களில், சர்ச் தெருவில் இரண்டு வீடுகள் இடிந்து விழுந்து ஏழு பேர் மாண்டார்கள். அந்த வீட்டின் மேல் அதிருப்தி வரக் கூடாதாம்.

பாதிரியார்கள் கப்பல் துறையிலும் ரயில் நிலையத்திலும் கூட்டத்தோடு நின்று பிள்ளைகளைத் தடுத்தார்கள். பிள்ளை கடத்தியதாக மான்டிஃபியோரி அம்மையார் மேல் வழக்குப் போடப்பட்டது. ஆர்ச் பிஷப் ஒரேயடியாகக் கல் நெஞ்சர் என்று நாம் சொல்லவில்லை. சமரசத்துக்கு முயன்றார், பட்டினிப் பிள்ளைகளுக்கு நிதி சேர்க்கவும் உதவினார். ஆனால் ஊருக்குள்ளேயே தர்மச் சோறு சாப்பிடலாம், தொழிலாளி தொழிலாளிக்குப் போடும் சோறு மட்டும் ஆகாது என்பதுதான் கடைசியில் நின்ற தீர்ப்பு. 1914 ஜனவரியில் பசி தாங்காமல் தொழிலாளர் திரும்பினார்கள்.

அந்தச் சங்கத்தின் தலைவர்களில் ஒருவர் ஜேம்ஸ் கானலி. தொழிலாளர் தத்துவத்தைக் கண்டித்து ஒரு சேசு சபைப் பாதிரியார் தவக்காலத்தில் பிரசங்கங்கள் செய்தபோது, 1910ல் ஒரு சிறு புத்தகம் எழுதிப் பதில் கொடுத்தவர். மதத்தைத் திட்டி எழுதவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் மேலிடத்துப் பிஷப்புகள் அந்நிய ஆட்சியோடு எப்படிக் கை கோத்தார்கள், ஏழை ஜனங்கள் எப்படி அதை மீறிப் போனார்கள் என்று சரித்திரத்தை எடுத்து வைத்தார். 1916 எழுச்சியில் காயம்பட்ட அவரை, நிற்க முடியாத நிலையில் நாற்காலியில் கட்டி உட்காரவைத்து மே 12ந் தேதி பிரிட்டிஷ் பட்டாளம் சுட்டுக் கொன்றது. சாகுமுன் பாதிரியாரை வரவழைத்து இறுதிச் சடங்குகளைப் பெற்றுக்கொண்டார். பக்தியுள்ள தொழிலாளி முதலாளியோடும் பிஷப்போடும் வாதாட முடியாது என்பவர்கள் கானலியைப் பார்க்கட்டும்.

விடுதலை வந்தது. 1922ல் புதிய ராஜ்யம். ஆனால் பட்டினிக் கஜானா, ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் அநாதைகளுக்கும் பணமில்லை. திருச்சபையிடமோ கட்டிடமும் இருந்தது, சம்பளம் கேட்காத கன்னியாஸ்திரீகளும் இருந்தார்கள். இரு தரப்புக்கும் சௌகரியமாகப் போயிற்று. 1937ல் டி வலேரா கொண்டுவந்த அரசியல் சட்டம் கத்தோலிக்கத் திருச்சபைக்கு விசேஷ ஸ்தானம் உண்டு என்று எழுதியது, விவாகரத்தைத் தடுத்தது, பெண்ணின் இடம் வீடு என்ற தோரணையில் ஒரு ஷரத்தையும் போட்டது. கர்ப்பத்தடைச் சாதனம் விற்பதை 1935லேயே குற்றமாக்கியிருந்தார்கள்.

இப்போது 1951. இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும்.

நோயல் பிரௌன் என்று ஒரு டாக்டர். தாய், தகப்பன், உடன்பிறந்தவர்களில் பலர் என்று காச நோய்க்குக் குடும்பத்தையே பறிகொடுத்தவர். தானும் அந்நோயால் படுத்து எழுந்தவர். 1948ல் சட்டசபைக்குள் நுழைந்த முதல் நாளே சுகாதார மந்திரியானார். வயது 32. நோயாளிகளுக்குக் காச நோய் ஆஸ்பத்திரிகள் கட்டினார். அடுத்து அவர் எடுத்தது தாய் சேய் நலத் திட்டம். கர்ப்பிணிகளுக்கும், பிள்ளை பெற்றவர்களுக்கும், 16 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச வைத்தியம். நீ ஏழையா, உன் வருமானம் என்ன, சாட்சி கொண்டு வா என்ற விசாரணை எதுவும் கிடையாது.

இதில் முக்கியமானது அந்தக் கடைசி அம்சம்தான். வருமான விசாரணை என்பது எவ்வளவு அவமானமான காரியம் என்பது, கர்ணம் வீட்டுத் திண்ணையில் சான்றிதழுக்காகக் காத்துக் கிடந்த விவசாயத் தொழிலாளிக்குத் தெரியும். பிச்சையாகக் கொடுப்பது வேறு, பாத்தியதையாகக் கொடுப்பது வேறு.

பிஷப்புகள் 1950 அக்டோபரில் பிரதம மந்திரி காஸ்டெல்லோவுக்குக் கடிதம் எழுதினார்கள். குழந்தையின் ஆரோக்கியம் பெற்றோரின் உரிமை, சர்க்கார் அதில் தலையிடலாகாது என்றார்கள். நூற்றுக்குப் பத்துப் பேர் ஏழைகளாகவோ அசட்டையானவர்களாகவோ இருப்பதற்காக, தொண்ணூறு பேருடைய உரிமையைப் பறிக்கலாமா என்று கேட்டார்கள். தாய்மை பற்றிச் சர்க்கார் டாக்டர் போதிக்கப் போனால், கத்தோலிக்க ஒழுக்கத்துக்கு மாறான சங்கதிகளெல்லாம் உள்ளே நுழையும் என்று அஞ்சினார்கள். டப்ளின் ஆர்ச் பிஷப் ஜான் சார்லஸ் மெக்வெய்ட் இதை முன்னின்று நடத்தினார்.

இன்னொரு கோஷ்டியும் எதிர்த்தது. அதன் அங்கியில் சிலுவை இல்லை. டாக்டர்களின் சங்கம்! பிரசவத்துக்கும் குழந்தை வைத்தியத்துக்கும் வாங்கி வந்த பீஸ் போய்விடுமே, நாம் சர்க்கார் சம்பளக்காரர் ஆகிவிடுவோமே என்பது அவர்கள் கவலை. பீஸ் போகிறது என்று ஊரறியச் சொன்னால் யார் மதிப்பார்கள்? ஒழுக்கம் போகிறது என்று பிஷப் சொல்லும்போது பக்கத்தில் நின்றால் போதும். சில்லறைச் சத்தம் கோவில் மணிச் சத்தத்தில் அமுங்கிப் போயிற்று.

அதே நாட்களில், நூறு மைல் தூரத்தில், எல்லைக்கு வடக்கே பெல்பாஸ்ட் நகரில் என்ன நடந்தது? 1948 ஜூலை முதல் பிரிட்டனின் இலவச வைத்தியத் திட்டம் அங்கே அமலில் இருந்தது. கத்தோலிக்கத் தாய்மார் அங்கே இலவசமாகப் பிரசவம் பார்த்துக்கொண்டார்கள். வருமான விசாரணை இல்லை. வேதமும் கெடவில்லை, விசுவாசமும் கெடவில்லை. எல்லைக்கு வடக்கே பாவமல்லாதது தெற்கே எப்படிப் பாவமாயிற்று? இந்தக் கேள்விக்கு நாம் அறிந்த வரையில் எந்தப் பிஷப்பும் நேரான பதில் சொல்லவில்லை.

1951 ஏப்ரலில் பிஷப்புகள் கடைசியாகத் தீர்ப்புச் சொன்னார்கள்: திட்டம் கத்தோலிக்க சமூகப் போதனைக்கு விரோதம். மந்திரிசபை முழுதும் தலை வணங்கியது. பிரௌனுடைய சொந்தக் கட்சித் தலைவர் ஷான் மெக்பிரைடே அவரிடம் ராஜினாமாக் கடிதம் கேட்டார். (இதே மெக்பிரைடு பிற்காலத்தில் நோபல் சமாதானப் பரிசும் லெனின் சமாதானப் பரிசும் இரண்டுமே பெற்றவர். மனிதர்களை எடை போடுவது எவ்வளவு கஷ்டம்!) தொழிற் கட்சி மந்திரிகளும் அந்த மந்திரிசபையில் இருந்தார்கள். நாற்காலியை விட்டு அவர்களும் எழுந்திருக்கவில்லை. ஏப்ரல் 11ந் தேதி பிரௌன் ராஜினாமாச் செய்தார். ஆனால் சும்மா போகவில்லை. பிஷப்புகளும் மந்திரிகளும் எழுதிக்கொண்ட கடிதங்களையெல்லாம் மறு நாளே பத்திரிகையில் வெளியிட்டுவிட்டார். சட்டத்தைச் சட்டசபையில் செய்கிறார்களா, ஆர்ச் பிஷப் அரண்மனையில் செய்கிறார்களா என்று ஜனங்கள் முதல் முறையாகக் கண்ணால் படித்துப் பார்த்தார்கள். பிரதம மந்திரியோ சட்டசபையில் எழுந்து, ஒரு கத்தோலிக்கன் என்ற முறையில் என் திருச்சபை அதிகாரிகளுக்குக் கீழ்ப்படிகிறேன் என்று பகிரங்கமாகவே சொன்னார்.

1953ல் அடுத்த சர்க்கார் வேறு சட்டம் கொண்டுவந்தது. வருமான வரம்போடு! சின்னக் குழந்தைகளுக்கு வரம்பின்றி டாக்டரிடம் இலவசமாகப் போகும் உரிமை எப்போது வந்தது தெரியுமா? 6 வயதுக்குட்பட்டவர்களுக்கு 2015ல். 8 வயதுக்குட்பட்டவர்களுக்கு 2023ல். பிரௌன் சொன்ன 16 வயது இன்னும் எட்டவில்லை. இடையிலுள்ள எழுபது ஆண்டுகளில் பீஸுக்குப் பணமில்லாமல் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப் போட்ட தாய்மாரின் கணக்கை யார் எழுதினார்கள்?

எழுதப்பட்ட கணக்கு ஒன்று உண்டு. அது சலவைச் சாலைக் கணக்கு. மேரி மக்தலேனா பெயரில் நடந்த சலவைச் சாலைகள் பத்து. நடத்திய கன்னியர் சபைகள் நான்கு. கலியாணமாகாமல் தாயானவள், வீட்டுக்கு அடங்காதவள், அநாதை, கொஞ்சம் புத்தி மந்தமானவள், சில சமயம் வெறும் அழகி என்பதற்காகவே அபாயம் என்று கருதப்பட்டவள் — எல்லோரும் அங்கே போனார்கள். 1922 முதல் 1996 வரை சுமார் 10,000 பெண்கள். அனுப்பியதில் நாலில் ஒரு பங்கு சர்க்கார்க் கைகள்தான் என்று 2013ல் சர்க்கார் அறிக்கையே ஒப்புக்கொண்டது. ஓட்டல் துணி, ஆஸ்பத்திரித் துணி, சர்க்கார் இலாகாக்களின் துணி எல்லாம் அங்கே வெளுத்து வந்தன. கொதிநீர், சோடா, இஸ்திரி உருளை, காலை முதல் மாலை வரை. கூலி? காலணா கிடையாது. வெளியே போக அனுமதி? கிடையாது. தப்பி ஓடினால் போலீஸ்காரன் பிடித்துக் கொண்டுவந்து விட்டதும் உண்டு.

இதே டப்ளினில் 1945ல் வெளிச் சலவைச் சாலைகளில் வேலை செய்த சுமார் 1,500 பெண்கள் தங்கள் சங்கத்தின் தலைமையில் மூன்று மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்து, ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு லீவு என்ற உரிமையை வாங்கினார்கள். அதே ஊர், அதே தொழில், அதே வெந்த கைகள். சுவருக்கு வெளியே இருந்தவளுக்குச் சங்கம். உள்ளே இருந்தவளுக்கு ஜபமாலை. மதிலுக்குள்ளே இருந்தவள் தொழிலாளி என்ற பெயரைக்கூடப் பெறவில்லை. பாவத்துக்குப் பரிகாரம் செய்கிறவள் என்று அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். கூலி கொடுக்காமலிருக்க இதைவிட நல்ல பெயரை எந்த மில் முதலாளியும் கண்டுபிடித்ததில்லை.

1993ல் அப்படிப்பட்ட சபை ஒன்று டப்ளினில் தன் நிலத்தை வீடு கட்டும் வியாபாரிக்கு விற்றது. நிலத்தில் அந்தப் பெண்களின் கல்லறை இருந்தது. 133 பேரைத் தோண்டி எடுக்க அனுமதி வாங்கினார்கள். தோண்டியபோது இன்னும் 22 உடல்கள் இருந்தன. பெயர் இல்லை, கணக்கில்லை. ஏறக்குறைய எல்லாவற்றையும் எரித்து வேறிடத்தில் புதைத்தார்கள். 2013 பிப்ரவரியில் பிரதம மந்திரி எண்டா கென்னி சட்டசபையில் நா தழுதழுக்க மன்னிப்புக் கேட்டார். நஷ்ட ஈட்டு நிதிக்குப் பங்கு கொடுங்கள் என்றபோது அந்த நான்கு சபைகளும் மறுத்துவிட்டன.

குழந்தைகளை அடைத்து வைத்த தொழிற் பள்ளிகளின் கதையும் இப்படித்தான். அங்கும் தலைக்கு இவ்வளவு என்று சர்க்கார் பணம். அடி, பட்டினி, சொல்லக் கூசும் கொடுமைகள். 2009ல் வெளிவந்த ரயன் கமிஷன் அறிக்கையில் அதெல்லாம் இருக்கிறது. அதை விவரித்து வாசகர்களின் நெஞ்சைப் புண்ணாக்க விரும்பவில்லை. பணக் கணக்கை மட்டும் சொல்கிறோம். அறிக்கை வருவதற்கு ஏழு ஆண்டு முன்னாலேயே, 2002 ஜூனில், சர்க்கார் சபைகளோடு ஓர் ஒப்பந்தம் செய்தது: நீங்கள் 12 கோடியே 80 லட்சம் யூரோ கொடுங்கள், அதற்கு மேல் எவ்வளவானாலும் சர்க்கார் பொறுப்பு. ஆன செலவு சுமார் 150 கோடி யூரோ! மீதியைக் கட்டியவன் வரி கொடுக்கிற தொழிலாளி. அடிபட்டவனும் அவன், அபராதம் கட்டியவனும் அவன்.

அந்த ஜனங்கள் எவ்வளவு நாள் பொறுப்பார்கள்? 1971ல் ஒரு பெண்கள் கூட்டம் ரயிலேறி பெல்பாஸ்டுக்குப் போய்க் கர்ப்பத்தடைச் சாதனங்களை வாங்கிவந்து, டப்ளின் ஸ்டேஷனில் சுங்க அதிகாரிகளின் மூக்குக்கு நேரே ஆட்டிக் காட்டியது. 1972ல் விசேஷ ஸ்தானம் என்ற ஷரத்தை நூற்றுக்கு 84 பேர் ஓட்டுப் போட்டு எடுத்தெறிந்தார்கள். ஆனால் பாதை நேராகப் போகவில்லை. 1979ல் போப்பாண்டவர் வந்தபோது டப்ளினில் பத்து லட்சத்துக்கு மேல் திரண்டார்கள். 1982ல் நியூ ராஸ் ஊரில் கன்னியர் பள்ளி ஒன்று, மனைவியைப் பிரிந்த ஒருவரோடு குடும்பம் நடத்திப் பிள்ளை பெற்றார் என்பதற்காக ஓர் ஆசிரியையை வேலையிலிருந்து நீக்கியது. சம்பளம் கொடுத்தது சர்க்கார், நீக்கியது சபை. 1985ல் ஹைகோர்ட் சபையின் பக்கமே தீர்ப்பளித்தது. 1983ல் கருவுக்கும் தாய்க்கும் சம உயிருரிமை என்ற திருத்தம் நூற்றுக்கு 67 ஓட்டில் அரசியல் சட்டத்தில் ஏறியது.

அந்தத் திருத்தத்தின் விலையைக் கொடுத்தவர்களில் நம் நாட்டுப் பெண் ஒருவரும் உண்டு. கர்நாடகத்தின் பெலகாவியிலிருந்து போன பல் டாக்டர், 31 வயது, 17 வாரக் கர்ப்பம். 2012 அக்டோபரில் கால்வே ஆஸ்பத்திரியில் கர்ப்பம் கலைந்துகொண்டிருந்தது, பிள்ளை பிழைக்காது என்று தெரிந்துவிட்டது. கருவை எடுத்துவிடுங்கள் என்று கேட்டார். கருவின் இதயம் துடிக்கிறது, சட்டம் இடங்கொடுக்காது என்றார்கள். இது கத்தோலிக்க தேசம் என்று சொன்னதாக ஒரு தாதி மரண விசாரணையில் ஒப்புக்கொண்டார். இரத்தம் விஷமேறி 28ந் தேதி அந்தப் பெண் மாண்டார். அவர் கத்தோலிக்கரும் அல்ல, இந்து. சட்டப் புத்தகத்துக்குள் புகுந்துவிட்ட வேதம், படுக்கையில் கிடப்பது யார் என்று கேட்பதில்லை.

ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் மெழுகுவத்தியோடு நின்றார்கள். 2018 மே மாதம் நூற்றுக்கு 66 பேர் அந்தத் திருத்தத்தை நீக்கினார்கள். அதற்கு முன் 1995ல் விவாகரத்துத் தடை சுமார் 9,000 ஓட்டு வித்தியாசத்தில் மயிரிழையில் போயிற்று. இத்தனைக்கும் 2022 ஜனத்தொகைக் கணக்கில் நூற்றுக்கு 69 பேர் தங்களைக் கத்தோலிக்கர் என்றே எழுதியிருக்கிறார்கள். ஞானஸ்நானம் பெற்றவர்கள், பூசை காண்கிறவர்கள், பெற்றோரைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்கிறவர்கள்தான் இந்த ஓட்டுகளைப் போட்டார்கள். நாத்திகர்கள் வந்து கெடுத்துவிட்டார்கள் என்ற ஒப்பாரிக்கு அங்கே இடமில்லை.

இருந்தாலும் சாவிக் கொத்து முழுதும் கைமாறிவிட்டதாக எண்ண வேண்டாம். ஆரம்பப் பள்ளிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு அளவுக்கு இன்றும் கத்தோலிக்கப் பிஷப்புகளின் ஆதரவில்தான் இருக்கின்றன. ஆசிரியர் சம்பளம் சர்க்காருடையது. ஞானஸ்நானச் சான்று இல்லாவிட்டால் பிள்ளைக்கு இடம் கடைசி வரிசையில் என்ற வழக்கத்தையே 2018ல்தான் சட்டத்தால் நிறுத்தினார்கள். டப்ளினில் புதிய தேசியப் பிரசவ ஆஸ்பத்திரிக்குச் சர்க்கார்ப் பணம். நிலமோ கன்னியர் சபை தொடங்கிய ஸ்தாபனத்துடையது. பல ஆண்டுச் சண்டைக்குப் பின் 2022ல் 299 வருடக் குத்தகைக்கு ஒப்புக்கொண்டார்கள். சபை தன் பங்கை விட்டு விலகிவிட்டது என்கிறார்கள். பிறகு நிலத்தைச் சர்க்காருக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன என்று டப்ளின் பெண்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. குத்தகைக்கும் பட்டாவுக்கும் வித்தியாசம் தெரிந்த நம் விவசாயிகளும் அதையேதான் கேட்பார்கள்.

மறுபடி டூவம் புல்தரைக்கு வருவோம். 2021 ஜனவரியில் வெளிவந்த கமிஷன் அறிக்கை, 18 தாய் சேய் இல்லங்களில் சுமார் 9,000 குழந்தைகள் இறந்தன என்றது. சர்க்கார் மன்னிப்புக் கேட்டது. 2024ல் நஷ்ட ஈட்டுத் திட்டம் தொடங்கியது. செலவு 80 கோடி யூரோ ஆகும் என்பது மதிப்பு. சபைகளிடம் பங்கு கேட்டார்கள். அயர்லாந்தின் பெரிய தனியார் ஆஸ்பத்திரிக் குழுக்களில் ஒன்றுக்குத் தன் பெயரைக் கொடுத்திருக்கும் போன் செகூர் சபை சுமார் 1 கோடியே 30 லட்சம் யூரோ தருவதாகச் சொன்னது. மற்றச் சபைகளில் பெரும்பாலானவை கையை விரித்துவிட்டன. சர்க்காரும் தன் பங்குக்கு ஒரு விதி எழுதி வைத்திருக்கிறது: இல்லத்தில் ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்த குழந்தைக்கு நஷ்ட ஈடு கிடையாது. தாயின் மடியிலிருந்து மூன்றாம் மாதமே பிரித்துக் கொடுக்கப்பட்டு, இன்று கிழவனாகவும் கிழவியாகவும் தன் தாயின் பெயரைத் தேடிக்கொண்டிருக்கிற பிள்ளைகள், நாள் கணக்குப் போதவில்லை என்று திருப்பி அனுப்பப்படுகிறார்கள்.